சீசன் இல்லாத மாதம்

சங்கர்,

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அதற்குக்கூட இப்போது எனக்குப் பொறுமை இல்லை. முந்தாநாள் நீ அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மே மாதம் லேகாவின் சித்தி மகள் கல்யாணத்துக்காக வருகிறீர்கள், சந்தோஷம். கல்யாணம் புனலூரில், மலைப்பாதை நிலாவுக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பாள், அதனால் அவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள், அதுவும் சரி. அதற்குக் கீழே நீ எழுதியிருந்த இரண்டு வரிதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. "ஆஃப் சீசன்தான, கூட்டமே இருக்காது. என்னைக் கூட்டிட்டுப் போன மாதிரியே நிலாவையும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்." உனக்குப் பயம் இல்லை, சரி. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபது வயதில் இதை மகனுக்கு எழுதுவது வெட்கமாகவும் இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

செய்தி வந்த அன்றே சாயங்காலம் நிலா போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் சீசன் என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர் என்று நான்கையும் ஒப்பித்துவிட்டு, "தாத்தா, உங்க ஊர்ல ஆட்டம் எப்போ வரும்?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் இலை உதிர்வதற்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது, பாட்டி பெருக்குகிற நாளெல்லாம் உதிரும் என்றேன். சிரித்தாள். முப்பத்து நான்கு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனிடம் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டால் சும்மா விடுவானா? அந்தச் சொல்லின் பூர்வீகம் முழுவதையும் அவளிடம் கொட்டினேன். அவள் பாதியிலேயே கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது. இருந்தாலும் அதை உனக்கும் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது.

லத்தீனில் விதைப்பதைக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது. அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து இங்கிலீஷுக்கு வந்து சீசன் ஆயிற்று. முதலில் அதற்கு விதைக்கும் காலம் என்றுதான் பொருள். பிறகு எந்தக் காரியத்துக்கும் உரிய காலம் என்றாயிற்று, அதன் பிறகு ஆண்டை நான்காகப் பிரித்த பருவங்களின் பெயராயிற்று. காலம் வரும்வரை விட்டுவைத்தால் பழத்தில் ருசி ஏறுகிறது அல்லவா, அதிலிருந்து கறிக்கு உப்பும் மிளகும் சேர்ப்பதற்கும் அதே சொல் வந்தது. அறுத்த மரத்தை ஈரம் போகக் காயப் போடுவதும் சீசன்தான். நம் வீடு கட்டும்போது ஆசாரி, "மரம் இன்னும் சீசன் ஆவல சார், ஒரு வருசம் கெடக்கட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. அதனால்தான் நம் பின்கதவு மழைக்காலத்தில் இன்றைக்கும் மூடுவதில்லை. கடையநல்லூர் பள்ளிக்கு ரயிலில் போய்வந்த நாட்களில் என் சட்டைப்பையில் ஒரு சீசன் டிக்கெட் இருக்கும். நீயும் லேகாவும் உட்கார்ந்து பார்க்கிற தொடர்களுக்கும் சீசன் ஒன்று, சீசன் இரண்டு என்று பெயர். மிளகுப்பொடியும் தேக்குக் கட்டையும் ரயில் பாஸும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடும்பம் நடத்துகின்றன என்று வகுப்பில் சொல்லி எத்தனையோ பையன்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

வடகரையில் நெல் விதைத்த என் அப்பாவுக்கு இந்தச் சொல்லே தெரியாது. அவருக்குக் கார், பிசானம் என்று நெல்லுக்கு இரண்டு போகம்தான். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருளை என்னைவிட அவர்தான் நன்றாக அறிந்திருந்தார். சுவரில் காலண்டர் தொங்கும், அது அமாவாசை பார்க்க. விதைப்பதற்கு அவர் வாசலில் நின்று மேற்கே மலையைத்தான் பார்ப்பார். ஒரு வருஷம் ஆனி பிறந்தும் விதைக்கவில்லை. ஊரே கேலி பேசியது. "மலை இன்னும் சொல்லலைலே" என்றார், அவ்வளவுதான். நான் படித்து வாத்தியாராகித் தென்காசிக்கு வந்தவன். மலையைப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டுப் போய், சொல் மட்டும் கையில் மிஞ்சியது.

நம் ஊர்ப்பக்கம் மாம்பழத்துக்கு சீசன் உண்டு, ஐயப்ப சாமிகளுக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. ஆனால் அடைமொழி எதுவும் இல்லாமல் வெறும் சீசன் என்று சொன்னால் அது அருவி ஒன்றுதான். சாரல் விழும், காற்று சிலுசிலுவென்று வரும், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஊரே வெளியூர்க்காரர்கள் கையில் இருக்கும். அந்த மூன்று மாதமும் தென்காசிக்காரன் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். வரிசையில் நின்று, அடுத்தவன் எண்ணெய் வழிந்து நம் தலையில் விழ, போலீஸ்காரர் விசில் ஊதி விரட்ட, அது ஒரு குளியலா என்பான். கூட்டமெல்லாம் போன பிறகு, பாறையில் நூல் நூலாகத் தண்ணீர் வடிகிற மாதங்களில் தனியாகப் போய் ஆற அமரக் குளிப்பதுதான் நமக்குக் கௌரவம். அந்தக் கௌரவம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சீசன் இல்லை என்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். வெளியூர்க்காரன் இப்படி நினைக்கமாட்டான், அவனுக்கு எல்லாமே பயம். உள்ளூர்க்காரன்தான் நினைப்பான்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நிலாவுக்கு இப்போது என்ன வயதோ அதே வயது. மே மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். தென்காசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய், ஒரு துண்டு, இரண்டு மாம்பழம் எடுத்துக்கொண்டு உன்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து ஐந்தருவிக்குப் போனேன். இலஞ்சி தாண்டும்போது மலை உச்சியில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன், ஆனால் பார்த்தேன் சங்கர். கோடை மேகம், கலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அருவிக்கரையில் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. துண்டும் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் விற்கும் ஒரே ஒரு பெட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. அதை வைத்திருந்தது இசக்கியம்மாள் என்ற பெண். எங்களைத் தவிர அங்கே குளிக்க யாருமில்லை. விசில் ஊதவும் ஆள் இல்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. "பாத்தியாலே, நமக்காகவே அருவிய விட்டுருக்கான்" என்று உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

தண்ணீர் உன் முதுகில் மட்டும் விழுகிற அளவுக்குத்தான் இருந்தது. உன் தலையில் நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ காலடியைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, சருகா வருது" என்றாய். காய்ந்த இலையும் குச்சியும் கொத்தாக வந்து உன் கணுக்காலில் ஒட்டின. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காத்துக்கு விழுந்த சருகுலே, குளி." நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சிரித்தேன். அதற்கு மேல் நீ கீழே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் மண்வாசம் அடித்தது. அருவியின் சத்தம் மாறியது. அதற்குள் கடையிலிருந்து இசக்கியம்மாள், "ஏ சார், பிள்ளய தூக்கிட்டு மேல ஏறும்! தண்ணி வருது, ஏறும்வே!" என்று கத்தினாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பாறை தெரியவில்லை. செம்மண் நிறத்தில் மொத்தமாக இறங்கியது.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வலது கையில் கம்பித் தடுப்பு இருந்தது. இடது கையில் உன் மணிக்கட்டு இருந்தது. தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. கம்பியை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் இருந்தது உண்மை. ஆனால் வழுக்கவில்லை. நான் விட்டேன். கம்பியைப் பிடிப்பதற்காக உன்னை விட்டேன். நீ அப்பா என்றுகூடச் சொல்லவில்லை, உன் வாயில் தண்ணீர் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உன்னைப் பிடித்தது இசக்கியம்மாள். படிக்கட்டு ஓரம் வரை இறங்கி வந்து, ஒரு கையால் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அடித்துக்கொண்டு வந்த உன்னை அரைஞாண் கயிற்றில் பிடித்தாள். அந்தக் கறுப்புக் கயிறு அறாமல் இருந்தது உன் அதிர்ஷ்டம். பாறையில் மோதி அவள் முழங்கை பிளந்து எலும்பு தெரிந்தது. அவள் கடை, மேசை, துண்டெல்லாம் தண்ணீரோடு போயிற்று. நினைவு தப்பிக் கிடந்த உன்னைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தண்ணீரைக் கக்க வைத்ததும் அவள்தான். வெள்ளம் கொஞ்சம் அடங்கியதும் நான் கம்பியை விட்டு ஏறி வந்தேன். அவள் என்னை ஏசவில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கொண்டு போங்க சார், பிள்ளைக்குக் குளிருது" என்றாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அம்மா உன் இடுப்பைச் சுற்றிச் சிவந்திருந்த தடத்தைப் பார்த்துவிட்டு அலறினாள். "தண்ணி வந்துட்டு. பிடிச்சேன்" என்றேன். பிடிச்சேன் என்ற அந்த ஒரு சொல்தான். கயிற்றைப் பிடித்து இழுத்தீர்களா என்று அவளே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், அடுத்த வாரம் வடகரையில் சொன்னாள். உனக்குக் காய்ச்சல் கண்டு எழுந்தபோது அந்தக் கதையைச் சொல்லித்தான் உனக்குக் கஞ்சி ஊட்டினாள். நீயும் அதை நம்பினாய், ஏன் நம்பமாட்டாய்? உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னால், "எங்கப்பா கை விட்டிருந்தா இன்னைக்கு நான் இங்க நிக்கமாட்டேன்" என்றாய். கைதட்டினார்கள். நான் எழுந்து பந்தியைப் பார்க்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன். கண் கலங்கிவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான். இசக்கியம்மாள் எப்படியாவது அந்த மண்டபத்துக்குள் வந்துவிடுவாளோ என்று பயம்.

இருபத்தொன்பது வருஷமாக நான் ஐந்தருவிப் பக்கம் போகவில்லை. கூட்டம் பிடிக்காது, முழங்கால் வலி, பழைய குற்றாலம்தான் குளிக்க நல்லது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். முந்தாநாள் நிலா போனை வைக்கப் போகும்போது கேட்டாள்: "தாத்தா, அப்பாவத் தண்ணியில இருந்து இழுத்தீங்கல்ல, என்னையும் இழுப்பீங்களா?" சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். இப்போது டீ டம்ளரை ஒரு கையால் தூக்கினால் பாதி என் வேட்டியில் சிந்துகிறது. அந்தக் கையில் அவள் மணிக்கட்டைக் கொடுக்கச் சொல்கிறாய்.

நேற்றுக் காலை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. "அந்தப் பொம்பளைக்கு ஒரு சேலையாவது எடுத்துக் குடுத்தியளா?" இல்லை என்றேன். "இத்தன வருசமாவா?" என்றாள். பத்து மணிக்குக் கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள், பின்னாலேயே நானும் போனேன். கடைத்தெருவில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள், எனக்குக் காட்டவுமில்லை. இருவரும் ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனோம்.

இசக்கியம்மாள் இருக்கிறாள், சங்கர். தலை முழுக்க நரைத்துவிட்டது, இடது முழங்கை நேராக நீளாது. அதே இடத்தில் தகரக் கடை. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். பார்த்த மாத்திரத்தில், "வாங்க சார். பிள்ள எங்கன இருக்கான்?" என்றாள். அம்மா சேலையை அவள் மடியில் வைத்துவிட்டு அவளுடைய அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "தெரியும் சார். எனக்கும்தான் கை நடுங்கிச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணி கூடியிருந்தா நானும் விட்டிருப்பனோ என்னமோ, யாரு கண்டா?" என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொன்னாளா, உள்ளதைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் விடவில்லை, நான் விட்டேன்.

பேத்தி மே மாதம் வருகிறாள், இங்கே குளிக்க ஆசைப்படுகிறாள் என்று அம்மா சொன்னாள். இசக்கியம்மாள் முகம் மாறிவிட்டது. "சீசன்லயாவது விசிலு ஊத ஆளு நிக்கும். இப்பம் யாரு நிக்கா? மேல மழ பேஞ்சா இங்க வெயிலடிக்கும்போதே தண்ணி வந்திரும். சீசனாவது மண்ணாவது, மல கறுத்தா நான் கடையப் பூட்டிட்டு ரோட்டுக்குப் போயிருவேன்" என்றாள். கடைக்குள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிஷத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. நிலாவுக்கு நான் நீட்டி முழக்கிய அந்த லத்தீன் பாடத்தை நினைத்து வெட்கப்பட்டேன்.

கோபம் வரும் உனக்கு. வரட்டும். போன் எடுக்க வேண்டாம் என்று தோன்றினால் எடுக்காதே, அம்மாவிடம் மட்டும் பேசு, அவளுக்கு உன் குரல் வேண்டும். நான் செத்த பிறகு உனக்குத் தெரியட்டும் என்று விட்டிருக்கலாம். அப்படி விடத்தான் இருந்தேன், நீ அந்த இரண்டு வரி எழுதியிருக்காவிட்டால் விட்டுமிருப்பேன். என்னை நீ பெரிய ஆளாக நினைத்திருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை இழக்கப் பயமாக இருக்கிறது. ஆனால் நிலாவை நினைத்தால் வருகிற பயம் அதைவிடப் பெரிது.

நீங்கள் வாருங்கள். மாம்பழம் வாங்கி வைக்கிறேன். நீங்கள் கல்யாணத்துக்குப் போகும் நாளில் நிலா வீட்டில் இருக்கட்டும், அம்மா பார்த்துக்கொள்வாள். அருவிக்கு அவளை நான் கூட்டிக்கொண்டு போகமாட்டேன், நீ எத்தனை முறை கேட்டாலும் மாட்டேன். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் நீயே கூட்டிப் போ. முதலில் இசக்கியம்மாளைப் போய்ப் பார், குளிக்கலாமா என்று அவளிடம் கேள், அவள் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு. நிலாவிடம் ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வை. காலடியில் சருகு வந்து ஒட்டினால், தண்ணீர் நிறம் மாறினால், அவள் யாரிடமும் கேட்க வேண்டாம், உடனே ஓடி மேலே ஏறட்டும். பெரியவர்கள் சிரிக்கிறார்களா என்று யார் முகத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

அப்பா